நம்பிக்கைப் பொறுப்பாளராவதா, வேறு வழியில் கைகொடுப்பதா? கிறிஸ்தவ நுண்கடன் அமைப்புகளும் கொழும்புத் தொழில்வல்லோரும்

கொழும்பில் கணக்காளராகவோ வங்கியாளராகவோ சட்டத்தரணியாகவோ பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்காக ஆராதனைக்குப் போய்வரும் ஒருவருக்கு இந்த அழைப்பு எப்படியும் ஒருநாள் வந்துசேரும். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் போதகர் பக்கத்தில் வந்து நிற்பார். "நம்முடைய கடன் திட்டத்துக்கு உங்களைப் போல ஒருவர் போர்டில் இருந்தால் நல்லது, ஜெபித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்பார். பெரும்பாலானோர் அடுத்த ஞாயிறே சரி என்று சொல்லிவிடுகிறார்கள். ஏழைகளுக்கு உதவும் வேலை, திருச்சபையோடு சேர்ந்த வேலை, வருடத்துக்கு நாலு கூட்டம். மறுக்க என்ன இருக்கிறது?

மறுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. பட்டயக் கணக்காளராக இப்படிப்பட்ட அமைப்புகளில் குழு உறுப்பினராகவும் பணிப்பாளராகவும் இருந்திருக்கிறேன். இந்த வேலையை மனதார மதிக்கிறேன். ஆனால் அழைப்பு வரும்போது "ஆம்", "இல்லை" என்ற இரண்டு பதில்தான் இருப்பதாக நினைத்துவிடுகிறோம். உண்மையில் நான்கு வழி இருக்கின்றன. உள்ளூர் அமைப்பின் பணிப்பாளர் சபையிலோ, அதன் சொத்தைப் பொறுப்பேற்று நடத்தும் நம்பிக்கைப் பொறுப்பாளர் குழுவிலோ அமர்வது ஒன்று. இந்த அமைப்புக்கு நிதி தரும் வெளிநாட்டுத் தொண்டமைப்பின் நம்பிக்கைப் பொறுப்பாளராவது இன்னொன்று. வாக்குரிமை இல்லாமல் கணக்காய்வுக் குழுவிலோ கடன் குழுவிலோ தொழிலறிவைக் கொடுப்பது மூன்றாவது. பணத்தைக் கொடுத்தோ, திருச்சபை மட்டத்தில் ஒரு சேமிப்புக் குழுவை நடத்தியோ உதவுவது நான்காவது. இன்னமும் முழுநேர வேலையில் இருப்பவர் மூன்றாவதில் தொடங்கி, ஒரு வருடம் கழித்து முதலாவதுக்குப் போவதுதான் நல்லது என்பது என் கருத்து.

இந்த நாட்டில் இந்தப் பதவி ஏன் கனமானது

கண் சிகிச்சை முகாமோ பாலர் பாடசாலையோ நடத்தும் அமைப்பில் பொறுப்பாளராக இருந்து கவனம் தப்பினால் பணம் வீணாகும். கடன் கொடுக்கும் அமைப்பில் கவனம் தப்பினால், உதவி பெற வந்தவரே முன்பைவிட மோசமான நிலைக்குப் போய்விடுவார். இலங்கையில் இதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். போர் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும், கிழமைதோறும் தவணை கட்டும் சிறு கடனான கிழமைக் கடன் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. நுண்நிதிக் கடனுக்கு வருடத்துக்கு 35 வீதம் என்ற உச்ச வட்டியும் அந்த நேரத்தில்தான் வந்தது. அதே வருடம் இங்கு வந்த ஐ.நா. நிபுணர் ஒருவர், வசூலிக்க வருவோர் பெண்களிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 2021 இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

இந்தப் பழியெல்லாம் இலாபத்துக்காகக் கடன் கொடுத்த கம்பனிகளுக்கு உரியது, எங்களுடையது தொண்டு என்று கிறிஸ்தவ அமைப்புகள் சொல்வதுண்டு. கடன் வாங்கிய பெண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியவேண்டுமானால் அது வட்டியிலும் வசூலிலும் தெரியவேண்டும். பெயர்ப்பலகையில் சிலுவை இருப்பதால் தெரிந்துவிடாது. கடன் கொடுத்தவன் அடகை வாங்க அடுத்தவனுடைய வீட்டுக்குள் போகக்கூடாது, வெளியே நிற்கவேண்டும் என்று உபாகமம் 24 ஆம் அதிகாரம் சொல்கிறது. வசூலுக்குப் போகும் கள அலுவலர் வாசலில் நிற்கிறாரா, உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்து காசு வரும்வரை எழும்ப மறுக்கிறாரா என்பதைத் தெரிந்து வைத்திருப்பது ஒரு பொறுப்பாளரின் கடமைகளில் ஒன்று. மாதாந்த அறிக்கையில் அதற்குக் கட்டம் இருக்காது.

உள்ளூர்ப் பணிப்பாளர் சபை

நான்கில் அதிகம் நன்மை செய்யக்கூடியதும் அதிகம் தீமை செய்யக்கூடியதும் இதுதான்.

முதலில் சட்ட வடிவத்தைக் கேளுங்கள். 1917 ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த நிதியமானால், சொத்தும் கடமையும் பொறுப்பாளர்களின் தோளில் நேரடியாகவே விழும். கடமை மீறலால் நட்டம் வந்தால் சொந்தக் கைக்காசில் ஈடுசெய்ய வேண்டிய நிலையும் வரலாம். 2007 ஆம் ஆண்டு கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியானால், சட்டத்தின் கண்ணில் கம்பனி தனி ஆள். பணிப்பாளருக்குரிய கடமைகள் உங்களுக்கு உண்டு, ஆனால் கம்பனியின் கடன் உங்கள் கடனாகாது. 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதிவுசெய்தவையும் உண்டு. எந்த வடிவம் என்று அழைத்தவருக்கே தெரியாவிட்டால் உங்கள் முதல் வேலை என்ன என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அதைவிட முக்கியமான கேள்வி சேமிப்பைப் பற்றியது. பல அமைப்புகள் கடனோடு சேர்த்துக் கிழமைக்கு நூறோ இருநூறோ "கட்டாயச் சேமிப்பு" என்று வாங்குகின்றன. மற்றவர்களுடைய வைப்பைப் பொறுப்பேற்பது சாதாரண விஷயமல்ல. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம், வைப்பு ஏற்கும் நுண்நிதிக் கம்பனிகளை மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரத்தின் கீழ் கொண்டுவந்தது. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் சேமிப்பை ஏற்கும் அரசசார்பற்ற அமைப்புகள் அதற்கெனப் பதிவு பெறவேண்டும் என்றது. அந்தச் சட்டத்தை மாற்றும் முயற்சிகளும் நடந்துவந்திருக்கின்றன. ஆகவே இன்றைய நிலையில் நம் அமைப்பு எந்தப் பதிவின் கீழ் அந்தக் காசை வைத்திருக்கிறது என்று ஒரு சட்டத்தரணியிடம் எழுத்தில் வாங்கிய பிறகுதான் பெயரைக் கொடுக்கவேண்டும்.

அடுத்தது வட்டிக் கணக்கு. ஒரு தொழில்வல்லவர் போர்டில் இருப்பதன் பயனை நான் முதலில் பார்த்தது இங்கேதான். 50,000 ரூபாக் கடன், 52 கிழமை, "வருடத்துக்கு 24 வீதம்" என்று எழுதியிருக்கும். வட்டி 12,000, மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. வாங்கிய முதல்தொகையில் பாதியைக் கட்டி முடித்த பிறகும் முழு 50,000 க்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். குறைந்து செல்லும் மீதியில் கணக்குப் பார்த்தால் உண்மையான வருட வட்டி 44 வீதம் அளவில் வருகிறது. ஆவணக் கட்டணம் என்று 2,500 ரூபாவைக் கடன் கொடுக்கும்போதே கழித்துக்கொண்டால் அது 55 வீதமாகிவிடும். எக்செல்லில் ஐந்து நிமிட வேலை. ஆனால் நல்ல மனமுள்ள போதகர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மட்டும் அமர்ந்த ஒரு போர்டில் அந்த ஐந்து நிமிடத்தை வருடக்கணக்காக யாரும் செலவழித்திருக்கவில்லை. அவர்கள் 24 வீதம் என்றே உளமார நம்பியிருந்தார்கள்.

எண்கள் சரியாக இருந்தாலும் படம் பிழையாக இருக்கலாம். மட்டக்குளியில், கடன் வாங்கியவர்கள் ஒன்றுகூடித் தவணை கட்டும் ஒரு மையக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, தவணையை முடித்துவிட்டு எழும்பிய ஒரு பெண்ணிடம் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பொலித்தீன் பையிலிருந்து இறப்பர் வளையம் போட்ட ஒரு கட்டை எடுத்தார். வேறு வேறு நிறத்தில் மூன்று அமைப்புகளின் கடன் அட்டைகள். "இது திங்கள், சேர். இது புதன். உங்கட வெள்ளி. வெள்ளிக்குக் கட்டத்தான் புதன்காரங்ககிட்ட எடுத்தேன்" என்றார், ஒளிக்க எதுவும் இல்லாதவர் போல. எங்கள் பேரேட்டில் அவர் ஒரு தவணைகூடத் தவறாதவர். அந்தக் காலாண்டு அறிக்கையில் சிறந்த வாடிக்கையாளர்களில் ஒருவராக அவர் எண்ணப்பட்டிருந்தார். யார் எங்கே கடன்பட்டிருக்கிறார் என்று பதிவு வைத்திருக்கும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் இப்படிப்பட்ட சிறு கடன்கள் எல்லாம் இருக்காது. போய்ப் பார்த்தால்தான் தெரியும், கேட்டால்தான் சொல்வார்கள். கொழும்பிலேயே இருக்கும் பணிப்பாளருக்கு உள்ள பெரிய அனுகூலம் இது: வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறினால் கடன் வாங்கியவர் முன்னால் போய் உட்காரலாம். வேறு எந்தப் பதவியிலும் இது இவ்வளவு இலேசாகக் கிடைக்காது.

இதே நெருக்கம்தான் இந்த வழியின் பலவீனமும். கொழும்புத் தமிழ்க் கிறிஸ்தவ வட்டம் சின்னது. கடன் கேட்பவர் பாடகர் குழுவில் இருப்பார், கிளை முகாமையாளர் உங்கள் மைத்துனரின் நண்பராக இருப்பார், அமைப்பின் அலுவலகக் கட்டடம் ஒரு மூப்பருடையதாக இருக்கும். "நம்மட பிள்ளைதானே, ஒருக்கால் பார்த்துச் செய்யுங்கோ அண்ணா" என்று தொலைபேசி வரும்போது மறுக்க முடியாதவர் இந்தப் பதவியை ஏற்கக்கூடாது. எரிச்சலோடு சொல்லவில்லை, மறுப்பதற்கு ஒரு குணம் வேண்டும், அது எல்லோருக்கும் ஒரே அளவில் அமைவதில்லை. மறுக்கச் சிரமப்படுபவர் வேறு வழியில் மிக நன்றாக உழைக்கலாம். உறவு உள்ள இடத்தில் எழுத்தில் அறிவித்துவிட்டு அந்த முடிவு எடுக்கும்போது வெளியே போய்விடும் பழக்கம் போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோனபோது பவுல் தனியே கொண்டுபோகாமல் சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் சேர்த்துக்கொண்டார்; யாரும் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று 2 கொரிந்தியர் 8 இல் காரணத்தையும் எழுதுகிறார். கூட்ட அறிக்கையில் உறவை அறிவிப்பது அந்த வரிசையில் வருகிற வேலை.

இன்னும் இரண்டு விஷயத்தில் தொழில்வல்லோரின் குரல் அவசியம். ஒன்று, போதகர் வசூலுக்குப் போகக்கூடாது. கடனைப் பரிந்துரைப்பவரும் ஜெபிக்க வருபவரும் தவணை தவறினால் கேட்க வருபவரும் ஒரே ஆளானால், அந்தக் குடும்பம் கஷ்டகாலத்தில் போய்ப் பேச ஒரு இடமும் இல்லாமல் போகிறது. தவணை பிந்தியதால் ஆராதனைக்கு வருவதை நிறுத்திய குடும்பங்களை எனக்குத் தெரியும். இரண்டாவது, மதம். கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் 2004 இல் பாராளுமன்றம்வரை வந்த நாடு இது. ஆசைகாட்டி மாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு மையத்தில் இந்துப் பெண்களும் கத்தோலிக்கப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சிங்களப் பௌத்தப் பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கடனுக்கும் ஜெபக் கூட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை விதியாக எழுதி, மூன்று மொழியிலும் சுவரில் ஒட்டவேண்டும். இதைச் சொன்னால் விசுவாசத்தை மறைக்கிறோம் என்று சிலர் வருத்தப்படுவார்கள். கடன்பட்டவருக்குச் சுவிசேஷத்தைக் கேட்க மறுக்கும் சுதந்திரமும் இருக்கவேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

2022 வந்தபோது இந்தப் போர்டுகளின் தரம் தெரிந்தது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி உயர்த்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. 12 வீதத்துக்குக் கடன் கொடுத்துவந்த அமைப்பின் முதல், பெறுமதியில் கரைந்துகொண்டிருந்தது. அதே நேரம் வட்டியை ஏற்றினால் சோற்றுக்கடை வைத்திருப்பவர் விழுந்துபோவார். இரண்டு பக்கமும் நியாயம் உள்ள முடிவு. புதிய கடனைக் குறைத்து, பழைய கடனின் வட்டியைத் தொடாமல், தவணைக் காலத்தை நீட்டுவது நான் பார்த்தவற்றில் கண்ணியமான வழி. அதைத் துணிந்து செய்ய, எத்தனை மாதத்துக்குக் கையில் காசு இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒருவர் மேசையில் இருக்கவேண்டும்.

கடல்கடந்த தொண்டமைப்பு

கிறிஸ்தவ நுண்கடன் இயக்கத்தின் பெரிய பெயர்கள் பல மேற்கில் பிறந்தவை. ஒப்பர்ச்சூனிட்டி இன்டர்நஷனல் 1971 இலிருந்து வருகிறது. ஹோப் இன்டர்நஷனல் 1997. ஐந்து தாலந்து உவமையின் பெயரைத் தாங்கிய ஃபைவ் டலன்ட்ஸ் 1998 லம்பெத் மாநாட்டில் கூடிய அங்கிலிக்கன் ஆயர்களிடையே உருவானது. இவற்றைவிடச் சிறிய, ஒரு நாட்டுக்கோ ஒரு மறைமாவட்டத்துக்கோ மட்டும் உதவும் அமைப்புகளும் இங்கிலாந்தில் உண்டு. அவை உள்ளூர் அறிவுள்ள ஒருவரைத் தேடும்போது கொழும்பில் இருக்கும் தொழில்வல்லவருக்கு அழைப்பு வரும். லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும்.

இங்கிலாந்துச் சட்டத்தில் நம்பிக்கைப் பொறுப்பாளருக்கு வழக்கமாகச் சம்பளம் கிடையாது. செலவை மட்டும் திரும்பப் பெறலாம். எல்லோரும் கூட்டாகப் பொறுப்பு. கூட்டத்துக்கு வராதவரும் பொறுப்புத்தான். வருடாந்த அறிக்கையும் கணக்கும் அறக்கட்டளை ஆணைக்குழுவுக்குப் போகும், பாரதூரமான சம்பவம் நடந்தால் அறிவிக்கவும் வேண்டும். 2013 தொடக்கம் கிடைக்கும் கூட்டிணைக்கப்பட்ட தொண்டமைப்பு என்ற வடிவத்தில் பதிவாகியிருந்தால் தனிப்பட்ட ஆபத்து குறைவு. விதிகள் தெளிவாக எழுதியிருப்பதால் புதியவர் படித்துப் பழக நல்ல இடம். உள்ளூர் அமைப்புகள் இவர்களிடமிருந்து படிக்கவேண்டியதும் நிறைய.

ஆனால் தூரம் தூரம்தான். நேரம் நாலரை, ஐந்தரை மணி வித்தியாசம் என்பது சமாளிக்கக்கூடியது. கைக்கு வருவது பங்காளி அமைப்பு அனுப்பும் அறிக்கை மட்டும் என்பதுதான் சிக்கல். தையல் இயந்திரத்தோடு சிரிக்கும் பெண்ணின் படம் வரும். திங்கள், புதன், வெள்ளி அட்டைகள் வராது. கொழும்பிலிருந்து அந்தப் போர்டில் அமர்பவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அறிக்கையை வாசித்துவிட்டு நேரில் போய்ச் சரிபார்ப்பது. நாணயமாற்றைப் பற்றியும் அவர்தான் எச்சரிக்கவேண்டும். 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. வெளியிலிருந்து வரும் நன்கொடை ரூபாவில் திடீரெனப் பெருத்தது. அந்தப் பெருக்கத்தை வைத்துக் கடன்தொகையை விரிக்கத் தூண்டுதல் இருந்தது. மறுபக்கம், பிரித்தானியப் பவுணில் கடனாக வாங்கியிருந்த அமைப்பானால் அதே மாதங்கள் அதைக் கவிழ்த்திருக்கும்.

நிதி தரும் அமைப்பிலும் பெறும் அமைப்பிலும் ஒரே ஆள் பொறுப்பாளராக இருக்கவே கூடாது. பாலமாக இருக்கலாமே என்று நல்லெண்ணத்தில்தான் கேட்பார்கள். பங்காளி அமைப்பில் பிழை நடந்தால் பணத்தை நிறுத்தச் சொல்லவேண்டியவரும், நிறுத்தாதீர்கள் என்று கேட்கவேண்டியவரும் ஒருவரே ஆகிவிடுவார்.

வாக்கில்லாமல் வேலை

குழுவில் சேருங்கள் என்றால் பலருக்கு அது சின்னதாகத் தெரிகிறது. எனக்கு இதுதான் சரியான வாசல். தலைக்கடிதத்தில் பெயர் வராது. ஆனால் பேரேடு உங்கள் கைக்கு வரும்.

கணக்காளரும் வங்கியாளரும் செய்யக்கூடியதற்கு ஒரு எடுத்துக்காட்டு. "வசூல் 98 வீதம்" என்று அறிக்கை பெருமைப்படும். ஒவ்வொரு தவணையிலும் 2 வீதம் வராமல் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடக் கடனில் முதலின் சராசரி மீதி பாதிதான் என்பதால், வருடத்துக்கு நிலுவை முதலில் 4 வீதம் அளவில் கரைகிறது. அதே 98 வீதம் மூன்று மாதக் கடனில் வந்தால், அதே முதல்தொகை ஒரு வருடத்துக்குள் நாலு முறை சுழல்வதால், 16 வீதம் அளவில் கரைகிறது. ஒரே எண், ஒன்றில் தாங்கலாம், மற்றதில் சில வருடத்தில் நிதியே முடிந்துவிடும். ஆகவே வசூல் வீதத்தைக் கேட்காமல், 30 நாளுக்கு மேல் தவணை பிந்திய கடன்களின் மொத்த மீதி எவ்வளவு என்று கேட்கவேண்டும். பிந்திய கடனை மூடிப் புதுக் கடனாகத் திறந்தவை எத்தனை என்றும் கூடவே கேட்கவேண்டும். நிலுவை ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். பிறகு இருபது பேரின் புத்தகத்தை எழுமாறாக எடுத்துப் பேரேட்டோடு ஒப்பிடவேண்டும், அலுவலருக்கு முன்கூட்டிச் சொல்லாமல்.

சட்டத்தரணி ஒருவர் கடன் ஒப்பந்தத்தை ஒரு பக்கத்தில், கடன் வாங்குபவர் வாசிக்கும் மொழியில் எழுதித் தரலாம். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை நிறுத்தலாம். கணினித் துறையில் இருப்பவர் காசு கட்டிய உடனே கைப்பேசிக்குப் பற்றுக் குறுஞ்செய்தி போகும்படி செய்தால் களவு பாதி குறையும். மனிதவளத்தில் இருப்பவர் கள அலுவலரின் ஊக்கத்தொகை எதைப் பொறுத்துக் கொடுக்கப்படுகிறது என்று பார்க்கலாம். புதுக் கடன்களின் எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தால், நாலாவது கடனும் அதே வீட்டுக்குப் போகும்.

இந்த வழியின் குறை எல்லோருக்கும் தெரிந்தது: நீங்கள் சொன்னதை நன்றி கூறி அலுமாரியில் வைத்துவிடுவார்கள். குழுவின் அதிகாரம் என்ன, யாருக்கு அறிக்கை கொடுக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குழுவின் அறிக்கை முகாமையாளர் வழியாகப் போகாமல் நேரே பணிப்பாளர் சபைக்குப் போகவேண்டும். ஒரு வருடம் சொல்லிப் பாருங்கள். சொன்னது நடந்தால் அந்தச் சபையில் அமர்வதற்குப் பயமில்லை. நடக்காவிட்டால் அமராமல் இருந்ததே நல்லது என்று தெரிந்துகொள்வீர்கள்.

பணமும் சேமிப்புக் குழுவும்

நேரமே இல்லாதவர் நன்கொடை கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. நேரமில்லாதவர் பெயரை மட்டும் கொடுப்பதுதான் ஆபத்து. அந்தப் பெயரை நம்பி மற்றவர்கள் பணம் கொடுப்பார்கள்.

திருச்சபை ஒன்று புதிதாகக் கடன் திட்டம் தொடங்க நினைத்து உங்களிடம் வந்தால், தொடங்கவேண்டாம் என்று சொல்லுவதும் தொழில்வல்லவரின் கடமையாக இருக்கலாம். ஐம்பது அறுபது குடும்பத்துக்கு ஒரு கடன் நிறுவனம் தேவையில்லை. இந்த நாட்டில் சிக்கனக் கடனுதவிச் சங்கங்களின் கதை 1906 இல் கண்டிப் பக்கம் தும்பறையில் தொடங்குகிறது; 1978 க்குப் பிறகு சணச என்ற பெயரில் அவை மறுபடி உயிர்பெற்றன. 1991 இல் நைஜரில் கெயர் என்ற தொண்டு நிறுவனம் தொடக்கிய பெண்கள் சேமிப்புக் குழு முறை இன்று உலகெங்கும் உள்ள கிறிஸ்தவ அமைப்புகளாலும் பின்பற்றப்படுகிறது. பெட்டி ஒன்று, மூன்று பூட்டு, மூன்று பேரிடம் மூன்று திறப்பு. உறுப்பினரின் சொந்தக் காசு. வட்டியும் அவர்களுக்கே திரும்பும். வருட முடிவில் பிரித்துக்கொள்வார்கள். நம் பெண்களுக்குச் சீட்டுக் கட்டிப் பழக்கம் இருப்பதால் ஒரு கூட்டத்திலேயே விளங்கிவிடும். சீட்டை நடத்தும் தாச்சி ஓடிப்போன கதைகளும் அவர்களுக்குத் தெரியும், அதனால் மூன்று பூட்டு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. இங்கே ஒரு கணக்காளர் செய்யவேண்டியது கணக்கேட்டை எழுதப் பழக்கிவிட்டு விலகுவதுதான்.

யாருக்கு எது

வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ வேலை செய்பவர் முதலில் தம் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும். இரண்டு இடமும் ஒரே தெருவில் கடன் கொடுத்தால் குழுவோடு நிற்பதே நல்லது. ஓய்வுபெற்றவர்களுக்கு உள்ளூர்ப் பணிப்பாளர் சபை பொருந்தும், நடந்து மையங்களுக்குப் போகத் தயாராக இருந்தால். முப்பதுகளில் இருப்பவர்கள் குழுவில் தொடங்கட்டும். அடிக்கடி வெளிநாடு போய்வருபவர் கடல்கடந்த அமைப்பில் அதிகம் பயன்படுவார்.

பெண் தொழில்வல்லோரை நான் நேரே பணிப்பாளர் சபைக்கே அழைப்பேன், குழுவில் ஒரு வருடம் காக்கவைக்காமல். கடன் வாங்குவோரில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். முடிவெடுக்கும் மேசையில் பெரும்பாலும் ஆண்கள். வசூலுக்கு வந்தவர் என்ன சொன்னார் என்பதை ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்வார். என்னிடம் அட்டைகளைக் காட்டிய அந்தப் பெண்ணும், கூட வந்திருந்த சட்டத்தரணி அக்காவிடம்தான் மிச்சத்தைச் சொன்னார்.

எந்த வழியானாலும், பதில் சொல்ல இரண்டு கிழமை கேளுங்கள். அதற்குள் கடைசி மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கை, கணக்காய்வாளர் முகாமைக்கு எழுதிய கடிதம், பதிவுச் சான்றிதழ், கடைசி நாலு கூட்ட அறிக்கை, ஒரு வெற்றுக் கடன் ஒப்பந்தம் ஆகியவற்றை வாங்கிப் பாருங்கள். உங்களுக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் ஏன் விலகினார் என்று அவரிடமே கேளுங்கள். ஒரு மையக் கூட்டத்துக்கு, அலுவலகத்தார் கூட வராமல் போகலாமா என்றும் கேளுங்கள். இவற்றைத் தரத் தயங்கும் அமைப்புக்கு இப்போதைக்கு நன்கொடையாளராகக்கூட ஆகவேண்டாம். சந்தோஷமாகத் தருகிற அமைப்பானால், குழுவா போர்டா என்பதை அந்த மையக் கூட்டத்துக்குப் போய்வந்த பிறகு முடிவு செய்யுங்கள்.